வளைவில் மட்டும் எரிந்த சிவப்பு விளக்கு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செத்துப்போன ஒரு தலைமையாசிரியர் என் காருக்குள் உட்கார்ந்துகொண்டு என்னை மிரட்டுகிறார் என்று முழுசாக இரண்டு வாரம் நம்பியவன் நான். அதற்கு முன்னால் என் கதையே வேறு. ஆபீசில் யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் பூனை மாதிரி பின்னால் போய்த் தோளில் கைவைத்து அலறவிடுவேன். அப்பேர்ப்பட்ட வீரன். நீங்கள் இப்போது சிரிக்கிற சிரிப்பை நான் நிறைய பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், அதனால் தாராளமாகச் சிரியுங்கள்.

எல்லார் கையிலும் செல்போன் வராத காலம். எங்கள் வீடு செங்கல்பட்டில். என் மனைவி சாந்திக்கு மாமல்லபுரத்தில் டீச்சர் வேலை, பெண் கவிதா அதே பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு, என் ஆபீசும் அங்கேதான். பஸ்ஸில் தொங்கி அலுத்துப்போய் கூடுவாஞ்சேரியில் ஒரு பழைய கார் வாங்கினேன். அதை வைத்திருந்த ரிட்டயர்டு தலைமையாசிரியர் காலமாகிவிட்டார், அவர் மனைவி, அந்த அம்மாதான் விற்றார்கள். துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி, குறை சொல்ல முடியாது.

ஆயுத பூஜை முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில் வலது பக்கமாக ஒரு பெரிய வளைவு வரும், அதில் திரும்பும்போது மீட்டருக்குள் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. பிரேக் விளக்கு, பிரேக் ஆயில் குறைந்தாலோ ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தாலோ எரிகிறது. வளைவு முடிந்ததும் அணைந்துவிட்டது. மறுநாளும் அதே இடம், அதே எரிதல். சாயங்காலம் திரும்பி வரும்போது மட்டும் எரியவே எரியாது. ஆவிக்குக் காலை ஷிப்ட் போலிருக்கிறது என்று வெளியில் ஜோக்கடித்தேன், உள்ளுக்குள் அந்தத் தலைமையாசிரியர் ஞாபகம்தான் ஓடியது.

சும்மா இருக்கலாமில்லையா? அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். "சார் எங்கேம்மா தவறிப்போனார்?" என்று கேட்டேன், அந்த வளைவில்தான் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். "ஆஸ்பத்திரியிலதாங்க, ஏன் கேக்கறீங்க?" என்றார்கள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், "வண்டி நல்லா ஓடுதா? அவருக்கு எப்பவும் பிரேக் மேலதான் கவலை, கிளம்பறதுக்கு முன்னால நாலு தடவை மிதிச்சுப் பாப்பாரு" என்று ஒரு குண்டைப் போட்டார்கள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

செங்கல்பட்டில் எங்கள் மெக்கானிக் முனுசாமி. கையால் தட்டியே வியாதி சொல்கிற ஆள். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். "பிரேக் ஆயிலு ஃபுல்லா கீது சார். ஹேண்ட் பிரேக் சுவிட்சு மக்கர் பண்ணுது" என்று அதைச் சரிசெய்தார். மறுநாள் வளைவில் விளக்கு எரிந்தது. வயரைப் பார்த்தார். எரிந்தது. நான் தினம் சாயங்காலம் கடை வாசலில் போய் நிற்க ஆரம்பித்தேன், நாலாவது நாள் தலைமையாசிரியர் விஷயத்தையும் அவர் காதில் போட்டேன்.

"இன்னா சார், படிச்சவரு நீ. செத்தவரு வந்து வயரைப் புடிச்சுகினு தொங்குறாரா?"

"வளைவுல மட்டும் எரியுதே, அது எப்படி?"

"சும்மா பேஜாரு பண்ணாத சார். வண்டிய வுட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்."

அது திங்கட்கிழமை. அரைமணி நேரத்தில் வண்டியைக் கொடுத்துவிட்டார். "வயர்ல லூசு சார், முடிஞ்சுது, இனிமே எரியாது." அவரை நம்பாமல் நான் சாந்திக்குத் தெரியாமல் நாலு எலுமிச்சம்பழம் வாங்கி, நாலு சக்கரத்துக்கும் அடியில் வைத்து ஏற்றி நசுக்கி, ஐயா, கோபப்படாதீங்க, சர்வீஸ் எல்லாம் ஒழுங்கா பண்றேன் என்று ஸ்டியரிங்கிடம் மன்னிப்பும் கேட்டேன். நாற்பத்திரண்டு வயது ஆள் ஸ்டியரிங்கைக் கும்பிட்டுக்கொண்டு நிற்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். அதுதான் அவமானம்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் விளக்கு எரியவில்லை. எலுமிச்சம்பழத்தின் மகிமையே மகிமை என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. வளைவுக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது, திருக்கழுக்குன்றம் ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் நேரான ரோடு, வெயில் நன்றாக அடிக்கிறது. விளக்கு எரிந்தது. எரிந்து அணையவில்லை, எரிந்துகொண்டே இருந்தது.

"இதோ, உங்க ஹெட்மாஸ்டர் வந்துட்டாரு. குட் மார்னிங் சொல்லுங்க," என்றாள் சாந்தி. அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது.

பின் சீட்டிலிருந்து கவிதா இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி, "அப்பா, சிவப்பு லைட்டு" என்றாள்.

கியரைக் குறைத்து ஓரமாக ஒதுக்கினேன், இருபதில் ஊர்ந்துகொண்டே பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரைக்கும் போனது. ஒன்றுமே இல்லை, பஞ்சை மிதிக்கிற மாதிரி. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன், யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணலில் மூக்கைக் குத்திக்கொண்டு வண்டி நின்றது. ஐம்பதடி தள்ளி பள்ளிக்கூடப் பிள்ளைகள் கும்பலாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். சாந்தி கவிதாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டீக்கடையிலிருந்து போன் செய்து, ஓரங்கட்டின பிறகு பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னதும் முனுசாமி ஒரு மணி நேரத்தில் மொபெட்டில் வந்தார். பின் சக்கரத்தின் உட்பக்கம் பூராவும் ஈரம், பிரேக் ஆயில் கசிந்து வழிந்திருக்கிறது. "திங்கக்கிழம கூட பாத்தனே, ஃபுல்லா இருந்துச்சே" என்று பானெட்டைத் திறந்தார். ஆயில் அளவு வெளியிலிருந்தே தெரிகிற பிளாஸ்டிக் பாட்டில், இப்போதும் மஞ்சளாகக் கழுத்து வரைக்கும் நிறைந்துதான் தெரிந்தது. அவர் நகத்தால் சுரண்டினார். மேலே ஒட்டியிருந்த மஞ்சள் நிறம் பொடிப்பொடியாக உதிர்ந்தது, உள்ளே அடியில் துளி ஆயில்.

"சார், இது ஆயிலு இல்ல. சந்தனம்."

ஆயுத பூஜைக்கு நான்தான் பூசினேன். மற்றவர்கள் எல்லாம் பானெட் மேலே ஒரு பொட்டு வைப்பார்கள், நான் முதல் கார் என்ற பாசத்தில் உள்ளே இருந்த பாட்டில், மூடி, குழாய் ஒன்றையும் விடாமல் குழைத்து அப்பியிருந்தேன். ஆயில் மெல்ல மெல்லக் குறைந்திருக்கிறது, வலது பக்கம் திரும்பும்போது இருக்கிற கொஞ்சமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து விளக்கு எரிந்திருக்கிறது, திரும்பி வரும்போது அது இடது வளைவு, மறுபக்கம் சாய்ந்து எரியவில்லை. அவ்வளவுதான் ஆவி. எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை, சாந்தியும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். தலைமையாசிரியருக்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

முனுசாமி சிரிக்கவில்லை.

"பெடலு உள்ள போறதுக்கு முன்னாடியே எப்படி சார் ஓரங்கட்டின?"

"லைட் எரிஞ்சுதே, அதனாலதான்."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்."

அவர் சாந்தியைப் பார்த்தார். "நீங்க பாத்தீங்களாம்மா?" சாந்தி ஆமாம் என்றாள். கவிதாவும் கேட்காமலே, "சிவப்பா எரிஞ்சுது அங்கிள்" என்றாள்.

அவர் மொபெட்டுக்குப் போய்ப் பையைத் துழாவி, பேப்பரில் மடித்த எதையோ எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நகம் அளவு ஒரு பல்பு.

"தப்புதான் சார். தினம் வந்து பேய் பேய்னு உயிர வாங்கிகினு இருந்தியா, திங்கக்கிழமையே இத்த கழட்டி வெச்சிட்டேன்."

நான் நம்பவில்லை. அந்த மணல்மேட்டுப் பக்கத்திலேயே ஸ்குரூவைக் கழற்றி மீட்டரை வெளியே இழுத்துக் காட்டினார். நானும் பார்த்தேன், சாந்தியும் குனிந்து பார்த்தாள். பிரேக் விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது.