காபியில் கலந்த அரை மாத்திரை

சுமலதாவுக்குத் தெரிந்த மருந்தெல்லாம் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்துதான். நாயுடுபுரத்துக்குக் கீழே மலைச்சரிவில் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் கேரட்டும் பூண்டும் போட்டிருந்தாள். இலை கருகினால் ஒரு மூடி மருந்து கலந்து அடிப்பாள். அடங்கவில்லையென்றால் மறுபடியும் அடிப்பாள், இந்தத் தடவை ஒன்றரை மூடி. அந்தச் சரிவில் பாடுபடுகிற எல்லாரும் அப்படித்தான். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? அந்தப் பழக்கத்தைத் தோட்டத்தோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டாள்.

தம்பி அருண்பாண்டியனுக்கு யாருக்கும் கேட்காத குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தன. சோற்றில் எதையோ கலக்கிறீர்கள் என்று தட்டைத் தள்ளிவிடுவான். ஒவ்வொரு வேளையும் சுமலதா முதல் வாயைத் தான் தின்று காட்டினால்தான் அவன் கை வைப்பான். இரண்டு மருந்துகள் சரிப்படாமல், மூன்றாவதாகக் கொடுத்த மாத்திரையில்தான் குரல்கள் ஓய்ந்தன. தம்பி தானாகக் குளித்தான், சிரித்தான், அக்காவோடு உட்கார்ந்து பூண்டு கட்டினான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிடுங்கிய பூண்டை அதன் காய்ந்த தாளோடு சேர்த்துக் கட்டுவது குத்தவைத்து உட்கார்ந்து செய்கிற வேலை. போன மாதம் ஒருநாள், பாதி கட்டும்போதே அவன் எழுந்துவிட்டான். உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். அப்புறம் சோறுகூட நின்றுகொண்டே தின்றான்.

"ஏலே, செத்த உக்காருடா."

"முடியலக்கா."

ஏன் முடியவில்லை என்று அவள் கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து ராக்கம்மா, "ஒந்தம்பிக்குப் பழையபடி ஆரம்பிச்சிருச்சு போல, பாத்துக்க" என்று சொன்னதும் அதை அப்படியே நம்பிவிட்டாள்.

இந்த மாத்திரையையும் தொடக்கத்தில் அவன் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்த நாட்களில் மிச்சமான அட்டைகள் அலமாரியில் கிடந்தன. ராத்திரி மாத்திரையை அவன் தானே போட்டுக்கொள்வான். அது தெரிந்தும், காலையில் இன்னொரு அரை மாத்திரையை நுணுக்கிக் காபியில் கலந்தாள். டம்ளரை நீட்டும்போது கை கூசியது. அவன் வாங்கி மடமடவென்று குடித்தான். அவளைக் குடித்துக் காட்டச் சொல்லும் பழக்கத்தையெல்லாம் எப்போதோ விட்டிருந்தான்.

நடை குறையவில்லை. அரையை முழுசாக்கினாள். அவன் வெள்ளனே கிளம்பிச் செண்பகனூர் வரை போவான், வருவான், மறுபடி போவான். உள்ளங்கால் வெடித்து ரத்தம் கசிந்தது.

மாதத்துக்கு ஒருமுறை மலையேறி வருகிற மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். நாற்காலியில் உட்கார்ந்தவன் கால்கள் தரையில் நடந்துகொண்டே இருந்தன. டாக்டரம்மா அந்தக் கால்களையே பார்த்தார்.

"நடக்கச் சொல்லி கொரல் ஏதாவது கேக்குதா, அருண்?"

"இல்லீங்க. தொடைக்குள்ள தேனீ மொய்க்கிற மாதிரி இருக்குங்க. நடந்தா கொஞ்சம் அடங்குது."

"இது நோய் இல்லம்மா" என்று அவர் சுமலதாவிடம் திரும்பினார். "மருந்தோட பக்க விளைவு. ஆனா இந்த அளவுக்கே இவ்வளவு படுத்துதுன்னா, இவருக்கு இது ஒத்துக்கல. வேற மருந்து மாத்திரலாம்."

சுமலதா யோசித்தாள். குரல்களை ஓட்டிய ஒரே மருந்து. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் செய்தது யாருக்கும் தெரியப்போவதில்லை, மருந்து மட்டும் போய்விடும். சொன்னாலோ, தம்பி இனி அவள் கையால் பச்சைத் தண்ணிகூடக் குடிப்பானா?

"மாத்தாதீங்கம்மா" என்றாள். "நீங்க குடுத்த அளவு இல்ல அது. நான்தான் காபில இன்னொண்ணு கலந்து குடுத்தேன். திரும்பி வந்துருச்சுன்னு நெனச்சு."

டாக்டரம்மா கத்தவில்லை. எவ்வளவு, எத்தனை நாள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். "இனிமே ராத்திரி மாத்திரை மட்டும். காலுக்குச் சின்னதா ஒண்ணு தர்றேன். அடுத்த வாரம் போன்ல சொல்லுங்க. கை நடுங்கினாலும், எச்சி ஒழுகினாலும் எங்கிட்டக் கேளுங்க. நீங்களா கூட்டவும் வேணாம், நிறுத்தவும் வேணாம்."

சுமலதா தலையாட்டினாள். தம்பியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. சோற்றில் கலக்கிறாய் என்று அவன் அன்று சொன்னது பொய். அதை மெய்யாக்கியவள் அவள்தான்.

"அக்கா" என்றான் அருண்பாண்டியன். "அப்ப எனக்குத் திரும்பி வரலையா?"

"இல்லடா."

"நெசமாவா? மறுக்காப் பைத்தியம் பிடிக்கப்போகுதுன்னு பயந்துக்கிட்டேதான் ஒரு மாசமா நடந்துக்கிட்டு இருந்தேன். ஒங்கிட்டச் சொன்னா நீ பயந்துருவன்னு சொல்லல."

அவன் சிரித்தான். கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருக்க, முகமெல்லாம் நிம்மதியாகச் சிரித்தான். அவன் திட்டியிருந்தால், ஓங்கி அறைந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, டாக்டர் முன்னால் என்றும் பாராமல் அழுதாள்.