மாப்ள என்று கூப்பிட்ட குரல்

சேலத்திலிருந்து திருச்செங்கோடு செல்லும் வழியில், ஆட்டையாம்பட்டியில் தேநீருக்காக நிற்கிறோம். வாடகைக் காரின் ஓட்டுநர் பழனிசாமி முன்பு போர்வெல் லாரி ஓட்டியவர். பழகிய பாதையிலும் அவர் வழிகாட்டிக் கருவியை அணைப்பதில்லை. "மாப்ள, தூங்காத. லெஃப்டுல ஒடி, எருமை" என்கிறது வழிநெடுக அதில் ஒரு முரட்டுக் குரல். அவரும் "சேரி மாப்ள" என்று பதில் சொல்லித் திருப்புகிறார்.

அவர் தேநீர் வாங்கச் சென்ற நேரத்தில், அந்த வசவு அவருடைய மதிப்பைக் குறைப்பதாக எண்ணி, பணிவான பெண்குரல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறேன். பழைய பதிவை நீக்கலாமா என்று கருவி கேட்கிறது. சம்மதிக்கிறேன்.

திரும்பி வந்தவரிடம் சற்றுப் பெருமையோடுதான் சொல்கிறேன். நீட்டிய தேநீரோடு அப்படியே நிற்கிறார்.

"அது நம்ம கூட்டாளி பேசி வெச்சதுங்க சார். ஒரே லாரியில ஒம்பது வருசம் ஓட்டுனோம்."

"மறுபடியும் பேசித் தரச் சொல்லலாமே?"

"சண்டைங்க. அவன் ஊட்டுப் பக்கம் போயி மூணு வருசமாச்சுங்க."

அவருடைய மரியாதையைப் பற்றி அவ்வளவு யோசித்த நான், அவரை ஒரு வார்த்தை கேட்க யோசிக்கவில்லை.

கார் புறப்படுகிறது. "இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்" என்கிறது புதிய குரல்.

"சேரி..." என்று தொடங்கியவர், மீதியைச் சொல்லாமல் இடப்புறம் திரும்புகிறார்.