மெர்சி, ஷோஃபர்

பிரெஞ்சு பேசும் இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிற சனம் சாரதிக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்கும். "மெர்சி, ஷோஃபர்" என்று. நான் பிந்தி வந்த நாளிலும் சொல்லும், குளிரில் வாய் விறைத்த நாளிலும் சொல்லும். யாழ்ப்பாணத்தில் பஸ் சாரதிக்கு யார் நன்றி சொன்னது? பக்கத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினால் அதுவே பெரிய மரியாதை. ரொக்ஸ்பரோப் பக்கம் பஸ் ஓட்டுகிற எனக்கு இந்த ஷோஃபர் பட்டம் மெல்ல மெல்லத் தலைக்கேறிவிட்டது. பிரெஞ்சில் எனக்குச் சந்தேகமே இல்லாத ஒரு சொல் உண்டென்றால் அது இதுதான் என்று நம்பியிருந்தேன்.

ஆகவே, நகரத்துக்கு வெளியே பழைய நீராவி ரயிலை ஓட்டிக் காட்டுகிற ஒரு கழகம், சம்பளமில்லாமல் உதவி ஷோஃபர்கள் தேவை என்று நூலகத்தில் ஒட்டியிருந்ததைக் கண்டதும் உடனே தொலைபேசி எடுத்தேன். முன்பு ஷோஃபராக இருந்திருக்கிறீர்களா என்று ஒரு பெண் கேட்டாள். கன வருஷமாக என்றேன். "நிலக்கரியா, விறகா?" என்றாள். "டீசல்" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்னை நல்ல பகிடிக்காரன் என்று நினைத்திருக்க வேண்டும். சனிக்கிழமையே வரச் சொல்லிவிட்டாள்.

நான் ரயில் ஓட்டப்போகும் செய்தி புரோசார்ட்டில் இருக்கும் என் மனைவியின் தம்பிக்கும், அவன் மூலம் ஒரு வான் நிறைந்த உறவினருக்கும் போய்ச் சேர்ந்தது. அவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கொக்குவிலில் இருக்கும் அக்காவுக்குச் சொன்னதுதான் பெரிது. நாங்கள் சிறுவராக இருந்தபோது அங்கே ரயில் இல்லை. சண்டைக்காலத்தில் தண்டவாளங்களைக் கழற்றிப் பதுங்குகுழிகளுக்குக் கூரை போட்டார்கள். நான் முதன்முதலில் தொட்டுப் பார்த்த தண்டவாளம் என் தலைக்கு மேலே இருந்தது. செல் குண்டு விழும்போது அக்கா அழுவாள். "ரயில் போகுதக்கா, நான்தான் டிரைவர்" என்பேன். பெரியவனானதும் உண்மையாகவே ஓட்டிக் காட்டுகிறேன் என்றும் சொல்லிவைத்தேன். பிறகு நான் இங்கே வந்துவிட்டேன், ரயில் திரும்ப அங்கே போய்விட்டது. இப்போது அக்காவின் வீட்டுக்குப் பின்னால் நாள்தோறும் ஓடுகிறது. வேறு யாரோ ஓட்டுகிறார்கள்.

சனிக்கிழமை விடிய எஞ்சினில் ஏறி வலப்பக்க ஆசனத்தில் அமர்ந்துகொண்டேன். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் ஏறி வந்து, கைகொடுத்து, "ரெயால்" என்றார். ஓம், ரயில்தான், தெரியும் என்று தலையாட்டினேன். அது அவருடைய பெயர் என்று விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தான் 'மெக்கனிசியான்' என்றார். மெக்கானிக் ஒருவர் கூட வருவது நல்லதுதான், கிழட்டு எஞ்சின் நடுவழியில் நின்றால் திருத்தலாம் என்று நினைத்தேன். ஆனால் அது தன் ஆசனம் என்றார்.

"நான் ஷோஃபர்" என்றேன்.

"ஆமாம், நீ ஷோஃபர்" என்றார் சந்தோஷமாக.

நானும் அசையவில்லை, அவரும் அசையவில்லை. எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடும் இல்லை. கடைசியில் அவர் கரி அள்ளுகிற சவள் ஒன்றை என் கையில் தந்து அடுப்பைக் காட்டினார்.

ரயிலில் ஷோஃபர் என்றால் நெருப்புப் போடுகிறவனாம். ஓட்டுகிறவர்தான் மெக்கனிசியான். 'ஷோஃபே' என்றாலே சூடாக்குவது என்று ரெயால் பொறுமையாக விளக்கினார். அப்படியென்றால் இத்தனை வருஷமாக நான் பஸ்ஸைச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ஜனவரியில் அதுகூடச் சரியாக நடப்பதில்லை.

கரி அள்ளி அள்ளி முகம் தெரியாமல் போன நேரத்தில் வான் வந்து நின்றது. பட்டுச்சேலைகள் இறங்கின. மச்சான், புது வாகனத்துக்கு வைப்பதுபோல, தேசிக்காய்களைக் கொண்டுவந்து சக்கரத்தடியில் வைத்தான். கொதிகலனுக்குள் போடவா என்று ரெயால் அக்கறையோடு விசாரித்தார். மச்சான் அங்கே நின்ற வழிகாட்டிப் பெண்ணிடம் யார் ஓட்டுவது என்று கேட்டான். நான் சவளோடு அடுப்புப் பக்கம் குனிந்துகொண்டேன். தாடிக்காரர் மெக்கனிசியான், அந்தக் கறுத்தவர் ஷோஃபர் என்று அவள் உள்ளதைச் சொன்னாள். மச்சான் சனத்தின் பக்கம் திரும்பினான்.

"பழுதானால் திருத்த மெக்கானிக் ஒராள் நிக்கிறார். ஓட்டுறது எங்கட அத்தான்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள். என் மானத்தை என்னுடைய அதே பிழை வந்து காப்பாற்றியது. ரயில் புறப்பட்டது, தேசிக்காய் நசிந்தது. நான் வழியையே பார்க்கவில்லை, நெருப்பைத்தான் பார்த்தேன்.

திரும்பி வந்ததும் மச்சான் வீடியோ அழைப்பில் அக்காவைப் பிடித்து, அத்தான் ஓட்டின ஓட்டத்தை வர்ணித்தான். போனை வாங்கிக்கொண்டு எஞ்சினுக்கு மற்றப்பக்கம் போனேன். அங்கே ரெயால் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, இவன் சொல்லுறதை நம்பாதை. நான் ஓட்டேல்லை. நெருப்புத்தான் போட்டனான்."

"அப்ப நீ ஃபயர்மனோ?"

"ஓம்."

"ரயில் எங்க போனது?"

"ஒரு இடமும் போகேல்லை. வேலி வரைக்கும் போய், பேந்து பின்பக்கமா வந்தது."

"பங்கருக்குள்ள நீ விட்ட ரயிலை விடக் கூடத் தூரந்தானே" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய வீட்டுக்குப் பின்னால் ரயில் வந்தது. "பொறு, காட்டுறன்" என்று போனைத் தூக்கிக்கொண்டு அங்கத்தைய இரவு இருட்டுக்குள் ஓடினாள். பெரிய ஊதல் சத்தம். ரெயால் திடுக்கிட்டு எங்கள் எஞ்சினின் ஊதல் கயிற்றை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார்.

"டீசல்" என்றார் இளக்காரமாக.

"நோத்ர் த்ரான்" என்றேன். எங்கள் ரயில்.

பிரெஞ்சில் 'எங்கள்' என்பதற்கும் 'நமது' என்பதற்கும் ஒரே சொல். நான் சொன்னது எங்கள் ரயிலை. அவருக்கு நமது ரயில் என்று கேட்டது. இல்லையில்லை என்று தலையாட்டி, சூடாறாத எஞ்சினைத் தட்டிக் காட்டினார். "நமது ரயில் நீராவி."

அடுத்த ஓட்டத்துக்குச் சனம் ஏறத் தொடங்கியிருந்தது. ரெயால் சவளை நீட்டினார். சவள் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். அக்காவின் ரயிலில் கடைசிப் பெட்டி போகும்வரை பொறுக்க முடியுமா என்று பிரெஞ்சில் கேட்கத் தெரியாமல், போனைப் பிடித்தபடி நின்றேன்.