கல்நகரத்து டீச்சர்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில், விரி என்ற பகுதியிலிருந்த எங்கள் கிடங்கின் தேநீர் அறையில் அன்று எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. முதலில் ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவரைச் சீண்டிய மனிதரைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த இரண்டாவது சிரிப்புக்காகத்தான் இரத்தம் சிந்தியது.

அந்தப் பெண்ணை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுவோம். சிம்பாப்வேயில் வரலாறு படிப்பித்தவர். ஆக்லாந்துக்கு வந்து என்னோடு ஒரே மேசையில் பெட்டி கட்டினார். ஏறக்குறைய என் வயதுதான். மேற்பார்வையாளர் எங்கள் யாழ்ப்பாணத்து ஆள், நான் அண்ணை என்பேன். இந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்தவரும், என் விசாவுக்குக் கடிதம் வாங்கித் தந்தவரும் அவர்தான். உதவி செய்கிற மனிதர். ஆனால் கீழே வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பேசினால் அவருக்குப் பொறுக்காது.

அன்று தேநீரைக் கலக்கிக்கொண்டே டீச்சரிடம் கேட்டார். ஆங்கிலத்தில் கேட்டதை என் தமிழில் சொல்கிறேன்: "வெள்ளைக்காரன் வர முந்தி உங்கட ஆக்கள் மரத்திலதானே இருந்தவை?" அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

டீச்சர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பில் நிற்பதுபோல எழுந்து நின்றார். அவருடைய நாட்டின் பெயரே கல்வீடுகளிலிருந்து வந்ததாம். சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கி, ஐந்து ஆள் உயரத்துக்கு மதில் எழுப்பிய நகரம் ஒன்று அங்கே இருக்கிறது. பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் அதைக் கறுப்பர் கட்டியிருக்க முடியாது என்று கதை கட்டினார்கள். மாடு பெருக்கி, பொன் எடுத்து, கிழக்குக் கரைத் துறைமுகங்கள் வழியாகக் கடல் கடந்து விற்ற அரசு அது. பதிலுக்கு வந்த சீனப் பீங்கானும் இந்தியக் கண்ணாடி மணிகளும் அந்த மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. பிறகு அண்ணையை நேராகப் பார்த்தார். "உங்கட பக்கத்துக் கடலாலதான் அந்த மணியெல்லாம் வந்தது. மரத்தில இருந்தவையிட்டயோ பொன் வாங்கினனீங்கள்?"

கூட வேலை செய்த சமோவா நாட்டுப் பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, கமரா எட்டாத கடைசி வரிசையில் டீச்சர் குனிந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். அண்ணை சுமையேற்றிய கைவண்டியைப் பின்னாலிருந்து வேகமாகத் தள்ளினார். டீச்சரின் கணுக்கால் இரும்பு அடுக்குச் சட்டத்தோடு நசுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவரின் முகத்தில், கையிலிருந்த, லேபிள் வாசிக்கிற ஸ்கேனரால் இரண்டு தரம் அடித்தார். "இப்ப சொல்லு சரித்திரம்" என்றார், தமிழில். டீச்சருக்கு அது விளங்கியிராது. பிளந்த புருவத்திலிருந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்க, அவர் கையால் துழாவிக்கொண்டு கிடந்தார். நான் பத்தடி தூரத்தில் நின்றேன்.

அண்ணை திரும்பி என்னைக் கண்டார். "பிள்ளை, பெட்டி சரிஞ்சு விழுந்தது. நீ வேற ஒண்டும் காணேல்லை. விளங்குதோ?"

"ஓம் அண்ணை" என்றேன். மேலாளரிடமும் அதையே சொன்னேன்; டீச்சர் சொன்னதை விட்டு எங்கள் இருவர் சொல்லையே அவர் நம்பினார்.

நாலாம் நாள் டீச்சரின் வீட்டுக்குப் போனேன். காலில் கட்டு, புருவத்தில் தையல். நான் சொன்ன பொய் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

சிம்பாப்வேயில் தேர்தல் நேரமொன்றில் ஆளுங்கட்சிக் கும்பலொன்று அவருடைய வகுப்புக்குள் புகுந்ததாம். அந்தக் கல்நகரத்தை மக்கள் ஏன் கைவிட்டுப் போனார்கள் என்ற கேள்வி கரும்பலகையில் எழுதியிருந்தது. அரசுகள் விழும் என்றா பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாய் என்று கேட்டு, கதிரைக் காலால் அவருடைய விரல்களை முறித்தார்கள். பிறகு மாணவர்களை வரிசையில் நிறுத்தி, டீச்சருக்கு ஆளுக்கொரு அடி அடிக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் அழுதுகொண்டே அடித்தார்கள். ஒரு பெண் மட்டும் தடியை வாங்க மறுத்தாள். அவளை முடியில் பிடித்து வெளியே இழுத்துப் போனார்கள். சுவருக்கு அப்பால் அவள் கத்தியது கேட்டது. கொஞ்சத்தில் அதுவும் நின்றுவிட்டது.

"நீயும் அடி, அடி எண்டுதான் நான் அவளைப் பார்த்துக் கத்தினனான்" என்றார் டீச்சர். "அடிச்ச பிள்ளையள் எல்லாம் உயிரோட இருக்குதுகள். அதால உன்னில எனக்குக் கோவம் இல்லை. ஆனா உன்னை இப்ப ஒருத்தரும் முடியில பிடிச்சு இழுக்கேல்லையே?"

அங்கிருந்தே மேலாளரிடம் போனேன், பிறகு பொலிசுக்கு. கண்டதைக் கண்டபடி எழுதிக் கையெழுத்திட்டேன்.

அண்ணைக்கு வேலை போனது; நீதிமன்றத்தில் தண்டனையும் கிடைத்தது. கோயிலில் நான் உட்கார்ந்தால் பக்கத்திலிருந்த பெண்கள் எழுந்து தள்ளிப்போனார்கள். "ஒரு கறுப்பிக்காக எங்கட ஆளைக் காட்டிக் குடுத்தவள்" என்று என் காதுபடவே சொன்னார்கள். டீச்சர் கிடங்குக்குத் திரும்பி வரவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறார். கொஞ்சம் நொண்டித்தான் நடப்பார்.

இத்தனை வருடமும் ரயிலில் அண்ணையைக் கண்டால், எந்த நிலையமென்றும் பாராமல் இறங்கிவிடுவேன். போன மாதம் மவுண்ட் ஆல்பர்ட் நிலையத்தில் ஏறியவர் நேரே எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார். அடுத்த நிலையத்தில் கதவு திறந்தது, மூடியது. நான் இறங்கவில்லை.