நாலு வயதுக்கு ஏற்ற ஆட்டம்

சின்னப் பிள்ளைகளை வேண்டுமென்றே ஜெயிக்க விடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. போன மாதம் எல்கேஜி படிக்கும் என் மகனுக்குப் பலகையில் வைத்து ஆடுகிற ஆட்டம் ஏதாவது வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். விற்பனைப் பெண் பெட்டி பெட்டியாக எடுத்துப் போட்டாள். “சும்மா டைம் பாஸ்தான் மேடம். நீங்க விட்டுக் குடுத்துட்டா குழந்த அழாம இருக்கும்” என்றாள். நல்ல பெண்தான், சிரித்த முகம். நான் அவள்மேல் எரிந்து விழுந்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு கோபமா என்றார் என் கணவர். ஆமாம், ஒரு ஆட்டத்துக்குத்தான்.

எனக்கு அப்போது நாலு வயது. ஆம்பூரில் நாங்கள் பெரியத்தா குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தோம். கீழே அவர்கள், மாடியில் நாங்கள், சமையல் ஒன்று. அத்தா என்று நான் கூப்பிடுகிற என் அப்பாவும், அவருடைய அண்ணனான பெரியத்தாவும் சேர்ந்து தோல் கம்பெனி நடத்தினார்கள். சேர்ந்து என்றுதான் பெயர்ப்பலகை சொன்னது. கம்பெனி அறையில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சுழல் நாற்காலி. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லி நான் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது. பெரியத்தாவின் நாற்காலி பெரிய மேஜைக்குப் பின்னாலும், அத்தாவின் நாற்காலி கதவோரமும் கிடந்ததில் எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. கதவோரம் காற்று வரும், அத்தாவுக்குத்தான் நல்ல இடம் கிடைத்திருக்கிறது என்றுகூட நினைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கம்பெனி லீவு. ஜும்மா தொழுகை முடிந்து ஆண்கள் வீட்டுக்கு வந்து, பிரியாணி சட்டியும் காலியான பிறகு, கீழ்க்கூடத்தில் லூடோ விரிப்பார்கள். ஒரு அண்ணன், இரண்டு அக்காமார் என்று பெரியத்தாவின் பிள்ளைகள் மூன்று பேர், பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி. நாலு பேருக்கு நாலு நிறக் காய்கள். ஐந்தாவது ஆளாக நான் போய் நின்றபோது பெரியத்தாவின் மகன் பழைய கோட்டிலிருந்து விழுந்த கறுப்புப் பொத்தான் ஒன்றைக் கொடுத்து, இதுதான் உன் காய் என்றான். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

என் முறை வரும்போது நானும் பகடையை உருட்டுவேன். பொத்தானை விரல் போன போக்கில் நகர்த்துவேன். எல்லாரும் கைதட்டுவார்கள். நடுக்கட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு “ஜெயிச்சிட்டேன்” என்று கத்துவேன். “ஆமா, நீதான் ஃபர்ஸ்ட்” என்பார்கள். இந்த வீட்டிலேயே லூடோவில் கெட்டிக்காரி நான்தான் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன். ஜெயித்த பிறகும் அவர்கள் ஏன் ஆட்டத்தை நிறுத்தாமல் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள் என்று மட்டும் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. இரண்டாவது இடத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பதிலாக அவளுடைய சித்தி மகள் ஆட வந்தாள். திருப்பத்தூர்ப் பெண். அவளுக்கு எங்கள் வீட்டு வழக்கம் தெரியாது. அவள் காய் போக வேண்டிய கட்டத்தில் என் பொத்தான் உட்கார்ந்திருந்தது.

“இது யாரோடது? வெட்டலாமா?” என்றாள்.

“அத தள்ளிட்டு வைய்யி. அது கணக்குல இல்ல. அவ உப்புக்குச் சப்பாணி” என்றான் அண்ணன்.

அவள் சுண்டுவிரலால் என் பொத்தானைத் தள்ளினாள். வெட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. சப்பாணி என்றால் என்னவென்று தெரியாவிட்டாலும், கணக்கில் இல்லை என்பது புரிந்துவிட்டது. அதுவரை நான் ஜெயித்த அத்தனை ஜெயமும் ஒரே நேரத்தில் பொய்யாகிப் போனது. பலகையை உதைத்தேன். பிடிக்க வந்த அண்ணனின் கையைக் கடித்தேன். பல் பதிகிற மாதிரி நன்றாகவே கடித்தேன். பெரியம்மா ஓடிவந்து என் முதுகில் ஒன்று வைத்து, பொட்டப் புள்ளைக்கு இவ்வளவு ஆங்காரம் ஆகாது என்றார். சின்னப் பிள்ளைகளை அப்படித்தான் சேர்த்துக்கொள்வார்கள், இதற்கெல்லாம் அழுவார்களா என்று என் அம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் நான் ரொம்ப நாள் மன்னிக்கவில்லை.

அத்தா மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. என்னைத் தூக்கிக்கொள்ளவும் வரவில்லை.

மறுநாள் வேலூருக்குத் தோல் சாம்பிள் கொண்டுபோகிற வேலை அவருக்கு இருந்தது. என்னையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். சாம்பிளைக் கொடுத்துவிட்டு ஒரு பொம்மைக் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் பரமபதப் பெட்டியை எடுத்து வைத்தார்.

“இதுல நாலு வயசுப் பிள்ள நிஜமாவே ஜெயிக்க முடியுமா?” என்று கேட்டார் அத்தா.

“நாம விட்டுக் குடுத்தா ஜெயிச்சிடும் பாய்.”

“விட்டுக் குடுக்காம.”

கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். அத்தா விடுவதாக இல்லை. பாம்பும் ஏணியும் வேண்டாம், அதில் ஜெயிப்பது பகடைதான், இவள் இல்லை என்றார். இன்னொன்றில் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. அது அண்ணனுக்கும் அக்காமாருக்கும்தான் சாதகம் என்று ஒதுக்கினார். வேறொன்றில் காய்கள் கடுகத்தனை இருந்தன. “இவ கையில எது கெடச்சாலும் வாயில போடுவா” என்று என் மானத்தை வாங்கிவிட்டு அதையும் தள்ளினார். ஒரு பெட்டியின்மேல் மூன்று வயதுக்கு மேல் என்று போட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் விதிமுறையே ஒரு பக்கம். இதைப் போட்டவனுக்குப் பிள்ளை குட்டி இல்லைபோல என்றார். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கிறவர்கள்கூட அத்தனை மடிப்புக் கலைத்திருக்க மாட்டார்கள். கடைக்காரருக்குப் பேஜாராகிவிட்டது.

கடைசியாக அடித்தட்டிலிருந்து ஒரு மரப்பலகை வந்தது. பலகை முழுக்கக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் வட்டமான மரவில்லை ஒன்று கவிழ்ந்து கிடக்கும். அடியில் படம். ஒரு முறைக்கு இரண்டு வில்லைகளைத் திருப்பலாம். இரண்டும் ஒரே படமாக இருந்தால் நமக்கு. இல்லையென்றால் அதே இடத்தில் கவிழ்த்துவிட வேண்டும். எது எங்கே இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் ஆட்டம்.

கண்ணாடி மேஜைமேல் என்னை உட்காரவைத்துக் கடைக்காரரை ஆடச் சொன்னார் அத்தா. முதலில் அவர் சிரித்துக்கொண்டே ஆடினார். பிறகு சிரிப்பு நின்றது. முடிவில் என் மடியில் வில்லைகள் குவிந்து கிடந்தன.

“விட்டுக் குடுத்தீங்களா?” என்று அத்தா அவரைக் குறுக்கு விசாரணை செய்தார்.

“அட போங்க பாய். யானை எங்க போச்சின்னு எனக்கு நிஜமாவே தெரியல.”

அந்த ஆட்டத்தைத்தான் வாங்கினோம். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அத்தா ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூடத்தில் என் ராஜ்ஜியம். அக்காமார் இருவரையும் தோற்கடித்தேன். கையில் என் பல் தடத்தோடு உட்கார்ந்த அண்ணனையும் தோற்கடித்தேன். இது பாப்பா ஆட்டம் என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெரியத்தா சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டே வந்தார். அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். அந்த வாரம்தான் இத்தாலியிலிருந்து இரண்டு பேர் கம்பெனிக்கு வந்து பெரிய ஆர்டர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“எங்க, எங்கிட்ட ஆடு பாப்போம்” என்று எதிரில் சம்மணம் போட்டார்.

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதை நான் இன்று எந்த இடத்திலும் சொல்வேன். போகப் போக அவர் நெற்றி சுருங்கியது. ஒரு வில்லையைத் திருப்பிவிட்டு அதன் ஜோடியைத் தேடி விரலை அங்கும் இங்கும் அலையவிட்டார். கவிழ்த்ததைத் திருட்டுத்தனமாகத் தூக்கிப் பார்க்கப் போனார், நான் கையைத் தட்டிவிட்டேன். கடைசி ஜோடியும் எனக்கு வந்தது. மனிதர் சுற்றிலும் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சின்னப் புள்ள அழக்கூடாதுன்னு நான்தான் விட்டுக் குடுத்துட்டேன்” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். “இல்ல, நீங்க விட்டுக் குடுக்கல” என்று நான் அலறினேன். “சரி சரி, நீதான் ஜெயிச்சே” என்று என் தலையைத் தட்டிவிட்டு, மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தக் கண்ணடிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஒரு பிள்ளை கஷ்டப்பட்டு ஜெயித்ததை, கிழிந்த தோலைக் கழிவுக் குவியலில் வீசுகிற மாதிரி வீசிவிட்டார்.

அப்போதுதான் அத்தா பேசினார்.

“இல்லண்ணே. அது ஜெயிச்சிடுச்சி. நீங்க தோத்துட்டீங்க. தோத்துட்டேன்னு சொல்லுங்க.”

அந்த வீட்டில் பெரியத்தாவைப் பார்த்து அப்படி யாரும் பேசியதில்லை.

“இன்னாடா இது, ஒரு கொழந்த ஆட்டத்துக்கு?”

“இந்த இத்தாலி ஆர்டருக்கு ஒரு வருஷமா லெட்டர் போட்டு, போன் பேசி, அவங்கள இங்க வரவெச்சது யாருண்ணே? நானு. வந்தவங்க கிட்ட இன்னா சொன்னீங்க? இவன் எந்தம்பி, சும்மா கூட இருக்கான்னு சொல்லி, என்னை டீ சொல்ல அனுப்பினீங்க. அப்பக்கூட நான் வாயத் தொறக்கல. இப்ப எம்பொண்ணு கிட்ட தோத்துட்டேன்னு சொல்லுங்க.”

அம்மா வாசற்படியில் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அத்தா அந்தப் பக்கமே திரும்பவில்லை. பெரியத்தா எழுந்தார். எழுந்த வேகத்தில் அவர் கால் பட்டுப் பலகை கவிழ்ந்தது. கால் பட்டதா, அவர் தள்ளினாரா என்பது எனக்கும் அந்த ஆண்டவனுக்கும் தெரியும்.

“கணக்குக் கேக்கற அளவுக்கு வந்துட்டியா? அப்ப தனியாப் போய்ப் பொழச்சிக்கோ” என்றார்.

தோற்றுவிட்டேன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. சாகிற வரை சொல்லவில்லை.

ரம்ஜானுக்கு முன்பே நாங்கள் வேலூரில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு அறை, தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். அத்தா யாரோ ஒருவருடைய ஷூ கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்குச் சுழல் நாற்காலி இல்லை என்று கேள்விப்பட்டு நான் வருத்தப்பட்டேன். ஆம்பூர்க் கம்பெனிப் பெயர்ப்பலகையில் அவர் பெயர் இருந்த இடத்தில் பெரியத்தா மகனின் பெயர் ஏறியது. அம்மா பாத்திரம் கழுவும்போதெல்லாம் குழாயைப் பார்த்துப் பேசுவார். “ஒரு பொம்ம ஆட்டத்துக்காக வீட்ட விட்டு வந்த குடும்பம் எங்கயாவது உண்டா?”

அம்மா சொன்னதை நான் அப்படியே நம்பினேன். நான் ஜெயித்தேன், அதனால் வீடு போயிற்று. கணக்கு நேராகத்தான் இருந்தது.

லீவு நாட்களில் அத்தா அந்தப் பலகையை எடுத்துவந்து என் எதிரில் உட்காருவார். வாரமெல்லாம் வேலை பார்த்த களைப்பில் அவருக்கு எதுவும் ஞாபகம் நிற்காது. ஆனாலும் விடாமல் யோசித்து யோசித்து ஆடுவார், தோற்பார். தோற்றதும் “தோத்துட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்வார். அதைச் சொல்வதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கோ ஒவ்வொரு தடவையும் இன்னும் என்னென்ன போகப்போகிறதோ என்று இருக்கும்.

ஒருநாள் நான் முடிவு செய்துவிட்டேன். வாத்து எந்தக் குழியில் இருக்கிறது என்று தெரிந்தே வேறு குழியைத் திறந்தேன். அடுத்தது பூனை, அதையும் தப்பாக எடுத்தேன். அத்தா முன்னால் வில்லைகள் சேர்ந்துகொண்டே வந்தன. பாதியில் அவர் கையை நிறுத்தினார்.

“வாத்து எங்க இருக்கு?”

நான் கொஞ்சமும் யோசிக்காமல் விரலை அந்தக் குழிமேல் வைத்தேன்.

“அப்பறம் ஏன் அத எடுக்கல?”

“நீங்க ஜெயிக்கட்டும்னுதான் அத்தா.”

அவர் முகம் அப்படி மாறி நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. பலகையைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினார். வில்லைகள் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் உருண்டு ஓடின.

“நீயுமா? நீயும் எனக்கு விட்டுக் குடுக்கிறியா?” என்று கத்தினார்.

பிறகு எழுந்துபோய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து வில்லைகளைப் பொறுக்கினேன். ஒட்டடை மூக்கில் ஏறியது. எனக்கும் கோபம் தாங்கவில்லை. பெரியத்தா தோற்றுவிட்டுக் கோபித்துக்கொண்டதிலாவது ஒரு நியாயம் இருந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா, என்ன சத்தம் என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லம்மா, அத்தா ஜெயிச்சிட்டாரு. அதுக்குப் போய்க் கோவிச்சிக்கிறாரு” என்றேன்.