மாமியார் கார்டில் இருந்த பெயர்

அன்று மருத்துவமனையில் இருந்தது நான், என் மனைவி, ரேஷன் கடையிலிருந்து அரிசிப் பையோடு நேராக வந்த மாமியார், காப்பீட்டு கவுண்டரில் ஒரு பெண். மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. எடுத்தால்தான் பிள்ளை தங்கும் என்றிருந்தார் டாக்டர்.

"உங்க ரேஷன் கார்டுல இவங்க பேரு இல்லியே. காப்பீடு வராது," என்றார் கவுண்டர் பெண்.

கல்யாணமாகி நான்கு வருடம். அரிசி குறையும் என்று மாமியார் மகளின் பெயரைத் தன் கார்டிலிருந்து நீக்கவில்லை. அதைச் சொல்லி நான் குத்திக்காட்டாத நாளில்லை.

மாமியார் தன் கார்டை நீட்டினார். "இதுல கீது பாரும்மா."

காப்பீடு கிடைத்தது.

"அரிசிக்குத்தான் வெச்சிக்கினு இருந்தேன் மாப்ள. பொய் சொல்ல மாட்டேன்," என்றார். அன்றுதான் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

மறுவருடம் மகள் பிறந்தாள். மாமியாரே பொன்னேரி தாலுகா ஆபீசுக்கு வந்து தன் கார்டிலிருந்து என் மனைவியின் பெயரை நீக்கிக் கொடுத்தார். இப்போது எங்கள் கார்டில் பெயர்கள் மூன்று.