கோபம் காட்டிய டீச்சர்

கம்பத்தில் நான் வளர்ந்த அனாதைப் பிள்ளைகள் விடுதிக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு டீச்சர் வருவாக. ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. கோபம் வந்தால் அதைக் கழற்றி முந்தானையில் துடைப்பாக; மூக்கு விடைக்கும். மனசில் இருப்பதை முகத்தில் காட்டப் பழக்குவதுதான் அவுக பாடம்.

"ஏ ஆத்தா, நீதான் வாயே தெறக்க மாட்டியே. கோபத்தையாச்சும் காட்டு" என்றாக என்னிடம்.

எனக்குத் தெரிந்த கோபம் ஒன்றுதான். இல்லாத கண்ணாடியைக் கழற்றி, பாவாடையில் துடைத்து, மூக்கை விடைத்தேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. வார்டனம்மா பிரம்பை எடுத்துவிட்டாக.

"பிரம்ப வைங்க வார்டனம்மா" என்ற டீச்சர் என் பக்கம் திரும்பினாக. "மூக்கு இன்னும் விடைக்கணும் புள்ள. இங்கன பாரு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் காட்டினாக. அது பாடமா, நிசக் கோபமா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.